நடுவில் ஒரு க்

ஃபிட்டருக்கு முதன்முதலில் கண் இருட்டியது ஒரு கைகழுவும் தொட்டிக்கு அடியில். குனிந்து, கழிவுக் குழாயின் வளைவைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லாம் கறுத்துப் போனது. “யாருய்யா லைட்டை அணைச்சது?” என்று கத்தினார். நாலு எண்ணுவதற்குள் வெளிச்சம் திரும்பி வந்தது. விளக்கு எரிந்தபடியேதான் இருந்தது. அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

பதினெட்டு வருடமாகப் பணியாளர் குடியிருப்பின் குழாய்களைக் கட்டி மேய்க்கிற மனிதர் அவர். குனிவது அவருக்குப் பிழைப்பு. அதனால் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் காலையில் எழுந்ததும் மண்டையைப் பிளக்கிற வலி வந்தது. காதுக்குள் நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. நடக்கும்போது தோள் கதவு நிலையில் இடித்தது. ஒரே வாரத்தில் வீட்டிலிருக்கிற நிலை அத்தனையிலும் இடித்துத் தீர்த்துவிட்டார்.

அவர் மனைவி அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். “குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“குடிச்சிருந்தா எனக்கு இவ்வளவு வலிக்காது.”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண் டாக்டரம்மா சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். ஃபிட்டர் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தார். கீழே அச்சகத்தின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தார். மனைவிக்கே வெட்கமாகப் போய்விட்டது, இவ்வளவு நல்ல கண்ணைக் கொண்டுவந்து காட்டுகிறோமே என்று. டாக்டரம்மா விளக்குக் கருவியை எடுத்து இரண்டு கண்ணுக்குள்ளும் பார்த்தார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார், அது வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

“கட்டி எதுவும் இல்ல. அது நல்ல சேதி. ஆனா கண்ணுக்குள்ள நரம்பு நுழையுற இடம் ரெண்டு பக்கமும் வீங்கிப் போயிருக்கு. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறிக் கிடக்கு.”

“கடைசி வரி வரைக்கும் படிச்சேனே, டாக்டர்?”

“நடுப்பார்வை கடைசியாத்தான் போகும். இது ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டு வருது. அதனாலதான் கதவு நிலையெல்லாம் இடிக்குது. மூளையைச் சுத்தி ஒரு நீர் ஓடிக்கிட்டே இருக்கணும். ஊறுறது ஊறிக்கிட்டே இருக்கு, வடியவேண்டியது வடியல.”

ஃபிட்டருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. “வடிச்சு விட்டா சரியாயிடுமா?” என்றார்.

“முதுகுத்தண்டுல கீழே ஒரு ஊசி. இருபது நிமிஷ வேலை. அப்புறம் மாத்திரை. கண்ணு தப்பிச்சிடும். ஆனா பன்னெண்டு நாளுக்குள்ள செய்யணும். அதுக்கு மேல போனா நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“இன்னிக்கே போடுங்க,” என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. “ஊசி அந்த அலமாரியில இருக்கு. சாவி வாரியத்துல இருக்கு. சேர்க்கைச் சீட்டு வாங்கிட்டு வாங்க. வெளி ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, உங்க அட்டை எண்ணைப் பாத்ததும் வாரியத்தோட கடிதம் எங்கேன்னு கேப்பாங்க.”

வாரியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பு இரண்டு வாரியங்கள் இருந்தன. பணியாளர்களின் உடல்நலத்தைக் கவனிக்க ஒன்று, அவர்களைக் கண்டித்துத் திருத்த இன்னொன்று. ஒரே மாடிப்படியை இரண்டும் பயன்படுத்தி வந்தன. படியில் யார் யாருக்கு வழிவிடுவது என்ற தகராறில் ஒரு துணைத்தலைவருக்குப் பல் போன பிறகு, இரண்டையும் சேர்த்து நல ஒழுங்கு வாரியம் என்று ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே விண்ணப்பம், ஒரே எழுத்தர், வரிசையாகப் பதினொரு அறைகள். எந்த அறையில் மருந்து, எந்த அறையில் உதை என்பது எழுத்தருக்கு மட்டும் தெரியும்.

அந்த எழுத்தர் ஒரு சிவப்புப் பேனாக்காரர். இலக்கணத்தில் புலி என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் மறுத்ததில்லை, மறுத்தவர்களின் விண்ணப்பம் நகராது. விண்ணப்பத்தில் ‘உபாதை’ என்று ஒரு வரி. அதற்கு எதிரே எழுத்துக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள்.

“மண்டைக்குள்ள நீர் அழுத்தம்னு டாக்டர் சொன்னாங்க சார். அது இதுல அடங்காதே?”

“அடங்கற நோயா வாங்கிட்டு வரணும். உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க.”

“தலை ஒரே கனமா இருக்கு சார்.”

“அதை எழுதுங்க.”

ஃபிட்டர் ‘தலை’ என்று இரண்டு கட்டத்தில் எழுதினார். ஒரு கட்டம் விட்டார். ‘கனம்’ என்று மூன்று கட்டத்தில் எழுதினார். கச்சிதமாக ஆறு. அவருக்கே திருப்தியாக இருந்தது.

எழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்கு.”

“ரெண்டு வார்த்தை சார் அது.”

“காலிக் கட்டம் செல்லாது. அதுவுமில்லாம அங்க ஒற்று மிகணும். முப்பத்தோரு வருஷமா இந்த நாற்காலியிலிருந்து ஒரு ஒற்றுப்பிழை வெளியே போனதில்ல. போன மாசம் ஒருத்தர் ‘மூச்சு தடை’னு எழுதிக் கொண்டுவந்தார். ‘த்’ எங்கேன்னு கேட்டேன். திருத்திக் கொண்டுவரேன்னு போனவர் வரவே இல்ல.”

“அவருக்கு என்ன ஆச்சு சார்?”

“யாருக்குத் தெரியும்? சோம்பேறியா இருக்கும்.”

சொல்லிவிட்டு, காலியாக இருந்த மூன்றாவது கட்டத்தில் சிவப்புப் பேனாவால் அழகாக ஒரு ‘க்’ போட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்து ரசித்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். “தலைச்சுற்று, அறை ஒன்பது. தலைவலி, அறை ஒன்பது. தலைக்கனம்... அறை ஆறு.” முத்திரை விழுந்தது.

ஆறாம் அறையின் கதவில் ‘தலைக்கனம் இறக்கும் பிரிவு’ என்று பலகை தொங்கியது. ஃபிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இறக்கி விடுகிற இடமேதான், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தார். உள்ளே ஒரு முக்காலி, ஒரு பதிவேடு, ஒரு வாளி. வலது கை முட்டிகள் காய்த்துப்போன ஒரு மேற்பார்வையாளர் எழுந்து நின்று வரவேற்றார். தன்மையான மனிதர்.

“வாங்க, உட்காருங்க. எத்தனை நாளா இருக்கு?”

“மூணு வாரமா சார்.”

“எப்போ அதிகமா இருக்கும்?”

“காலையில எந்திரிச்ச உடனே.”

“ஆமா, காலையிலதான் எல்லாருக்கும் ஏறும். மேலதிகாரிங்க எதிர்ல வந்தா எப்படி?”

“சரியாத் தெரிய மாட்டேங்குது சார். பக்கத்துல வந்தாக்கூட.”

மேற்பார்வையாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். “முத்திப் போச்சு. இப்படியே விட்டா கண்ணு மண்ணு தெரியாமப் போயிடும்.”

“அதையேதான் டாக்டரும் சொன்னாங்க! சீக்கிரம் இறக்கிடுங்க சார். வலிக்குமா?”

“உங்களுக்கா? கொஞ்சம்.”

ஃபிட்டர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். “அது வேண்டாம்,” என்று சட்டையை இறக்கிவிட்டு, மேற்பார்வையாளர் அவர் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார்.

குட்டு என்றால் பள்ளிக்கூடத்தில் வாங்குகிற குட்டு இல்லை. எலும்பில் எலும்பு விழுகிற சத்தம் கேட்டது. ஃபிட்டரின் மண்டை ஏற்கனவே உள்ளேயிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது வெளியேயிருந்து உள்ளே தள்ளினார்கள். அவர் “அம்மா!” என்று எழுந்திருக்கப் பார்த்தார். தோளை அழுத்தி உட்கார வைத்து இரண்டாவது விழுந்தது. “ஒரு அமர்வுக்குப் பதினொண்ணு,” என்றார் மேற்பார்வையாளர், ஒவ்வொன்றையும் பதிவேட்டில் கோடு போட்டபடி. “அசையாதீங்க. தப்பான இடத்துல பட்டா கணக்குல சேராது.” ஐந்தாவதில் மேற்பார்வையாளர் இரண்டாகத் தெரிந்தார். ஏழாவதில் தலை கிழிந்து ரத்தம் காதோரம் இறங்கியது. ஒன்பதாவதில் ஃபிட்டர் வாந்தியெடுத்தார். வாளி இருந்தது வலப்பக்கம், அவருக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளரின் செருப்பு நனைந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘எதிர்ப்பு: வாந்தி மூலம்’ என்று எழுதிவிட்டு மிச்சம் இரண்டையும் போட்டார்.

“நானும் மனுஷன்தான்,” என்றார் கையை உதறியபடி. “சாயங்காலம் வீட்டுக்குப் போனா இந்தக் கையால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியல. என் சம்சாரம் ஒத்தடம் குடுத்துக் குடுத்து அலுத்துப் போயிட்டா. யாராவது எங்க கஷ்டத்தை நினைச்சுப் பாக்குறாங்களா? நாளைக்கு இதே நேரம் வந்துடுங்க.”

மனைவி தலைக்காயத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்தின் நகலைப் பார்த்தாள். அவளுக்கு அரை நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. மறுநாள் காலை எழுத்தரின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“அந்த க்-ஐ எடுங்க.”

“எடுத்தா கட்டம் காலியாயிடுமே, அம்மா.”

“என் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் இல்ல சார். தலையில கனம். ஒரு எழுத்தைப் போட்டு மனுஷனைச் சாகடிக்கிறீங்க!”

“நீங்க சொல்ற பொருள் எனக்குப் புரியாம இல்ல. நோய்தான்னு நானும் நினைக்கிறேன். ஆனா பொருளுக்காக இலக்கணத்தை விட்டுக்குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு நோயைக் கொண்டுவருவாங்க.”

அவள் மேஜையைத் தாண்டி எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். தினம் எண்ணூறு பெட்டி மடிக்கிற கை. எழுத்தரின் முகம் நீல மைக்கூடு மேல் இறங்கியது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சிவப்புப் பேனாவை இரண்டாக ஒடித்து அவர் சட்டைப் பையில் திரும்பச் சொருகினாள். காவலர்கள் வந்து அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அந்தப் புகழ்பெற்ற மாடிப்படியில் முட்டி தேயத் தேய இழுத்துப்போய் வாசலில் எறிந்தார்கள். வாசலில் கிடந்தபடி அவள் கொடுத்த வசவு முழுவதையும் எழுத்தர் மேலேயிருந்து கேட்டார். அதில் ஒற்றுப்பிழை இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாராம்.

அடுத்த நாட்களில் ஃபிட்டரின் குற்றங்கள் பெருகின. வேலைக்கு வராவிட்டால் அதுவும் தலைக்கனம் என்பதால் அவர் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். போனால் தாழ்வாரத்தில் இடப்பக்கமாக ஒரு துணைத்தலைவர் வருவார். ஃபிட்டருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லை. ‘கண்டும் காணாமல் போனார்’ என்று எழுதி, கன்னத்தில் ஒரு அறையும் விடுவார்கள். சரி, நேரே வருகிறவருக்காவது மரியாதை செய்வோம் என்றால், அவர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேராக வந்தார். எந்த ஆள் நிஜம் என்று கண்டுபிடிப்பதற்குள், ஃபிட்டர் இல்லாத ஆளுக்குக் கைகூப்பி விட்டார். ‘மேலதிகாரியை விட்டுவிட்டுச் சுவருக்கு வணக்கம் வைத்து அவமதித்தார்.’ அதற்கு உதை. ஆறாம் அறையில் குட்டு பதினொன்றிலிருந்து பதினைந்தானது. ஒவ்வொரு நாளும் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியது. ஏழாவது நாள் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன, காது இரண்டும் காணாமல் போயிருந்தன. அவளிடம் சொல்லவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரைக்கும் வலி மட்டும்தான் இருந்தது.

டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் நேரே வாரியத் தலைவருக்கே ஒரு கடிதம் எழுதினார். சுருக்கமான கடிதம். ‘அழுத்தம் மிகவும் அதிகமாக உள்ளது. உடனே இறங்கி வராவிட்டால் கண் போய்விடும். இன்னும் ஐந்து நாள்தான் அவகாசம்.’

தலைவர் அதை வாரியக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கு வேர்த்தது.

“கேட்டீர்களா? அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம். யாருக்கு அழுத்தம்? வாரியத்துக்கு! யார் இறங்கி வரவேண்டுமாம்? நான்! இறங்கி வராவிட்டால் கண் போய்விடுமாம். யார் கண், என் கண்ணா? ஐந்து நாள் கெடு வேறு! கனவான்களே, இந்த வாரியம் எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறது. ஒரு கண்ணைக் காட்டி நம்மை மிரட்ட முடியாது. இரண்டைக் காட்டினாலும் முடியாது.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று மதியமே காவலர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விளக்குக் கருவியைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அதைக் காப்பாற்றக் குனிந்த டாக்டரம்மாவின் கையையும் சேர்த்து மிதித்தார்கள். இரண்டு விரல் ஒடிந்தது. ‘வெளி அழுத்தம் அகற்றப்பட்டது’ என்று குறிப்பு எழுதி, அதன் நகலை ஃபிட்டரின் கோப்பில் சேர்த்தார்கள். அழுத்தம் குறைக்கப்பட்டதாகக் கோப்பு சொன்னதால் ஃபிட்டருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை என்றும் ஆயிற்று.

பத்தாவது நாள் பணிவுத் தேர்வு. இதில் தேறினால் தலைக்கனம் நீங்கியதாகச் சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டை வைத்து வேறு விண்ணப்பம் போடலாம். மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“எதுவும் பேசாதீங்க. குனியச் சொன்னா குனிங்க. ஒம்போது தடவைதான். முடிஞ்ச உடனே நான் ஒம்பதாம் அறைக்கு ஓடறேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“குனிஞ்சா இருட்டுதுடி.”

“இருட்டினா இருட்டட்டும். மனசுக்குள்ள எண்ணிட்டு நிமிருங்க.”

தலைவரின் அறையில் ஏழு உறுப்பினர்கள் அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபிட்டருக்குப் பதினான்கு பேர் தெரிந்தார்கள். நெற்றி முழங்காலைத் தொட வேண்டும் என்பது விதி. இடைவெளி இருந்தால் தேர்வு செல்லாது. இதை அளக்கிற வேலையைத் தலைவர் யாரிடமும் விட்டதில்லை. ஒரு மர அளவுகோலை எடுத்துக்கொண்டு அவரே பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் வணக்கம். குனிந்ததும் இருட்டிக்கொண்டு வந்தது, காதுக்குள் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் அடிக்கிற இரைச்சல். ஃபிட்டர் நாலு எண்ணினார். வெளிச்சம் வரவில்லை. பத்து எண்ணினார். வரவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார். தலைவர் அளவுகோலோடு அவர் தலைக்கு மேல் குனிந்து, “கால் அங்குலம் இடைவெளி இருக்கிறது,” என்றார். ஃபிட்டருக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்டது. பதறிப்போய் ஒரே வீச்சில் நிமிர்ந்தார்.

பதினெட்டு வருடம் தொட்டிக்கடியில் இடித்து இடித்துக் கெட்டிப்பட்ட மண்டை. தலைவரின் மூக்கு நடுவில் உடைந்தது. அளவுகோல் பறந்தது. தலைவர் பின்னாலிருந்த நாற்காலியோடு மல்லாந்தார். சத்தம் வந்த திசையில் என்ன விழுந்தது என்று தெரியாத ஃபிட்டர், பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்பதற்காகக் குனிந்தார். அதில், தலைவரைத் தூக்கிவிட ஓடி வந்த ஒரு உறுப்பினரின் முன்பற்கள் இரண்டு போயின.

ரத்தம் ஒழுகுகிற மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தலைவர் பேசினார். “கனவான்களே, இப்போது புரிகிறதா? இவ்வளவு தலைக்கனத்தோடு ஒரு ஆள் நம் குழாய்களைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கை ஓங்காமல், தலையையே ஓங்குகிறார்! நான் கோபத்தில் எதுவும் செய்கிறவன் இல்லை. விதி இருபத்திரண்டின்படி முழு அமர்வு.”

முழு அமர்வு என்றால் மேற்பார்வையாளர் ஒருவர் குட்டுவதற்குப் பதில் வாரியமே குட்டும். உறுப்பினர்களுக்கு முட்டி காய்த்திருக்கவில்லை. அதனால் ஒருவர் காகிதம் பறக்காமல் வைக்கிற கனத்தை எடுத்துக்கொண்டார். ஒருவர் மேஜை மணியை எடுத்துக்கொண்டார். பல் போனவர் விதிப்புத்தகத்தையே எடுத்துக்கொண்டார், அது எழுநூறு பக்கம், தோல் அட்டை. காவலர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூப்பு வரிசைப்படி வந்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகு இரண்டாவது சுற்று. வெளியே மனைவி மூடிய கதவில் தோளால் மோதிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் நடவடிக்கைக் குறிப்பில் ‘பொதுமக்கள் ஆர்வம்’ என்று பதிவாகியிருக்கிறது.

ஃபிட்டருக்கு நினைவு திரும்பியது வீட்டில். பன்னிரண்டாவது நாள் போய்ப் பதின்மூன்றாவது நாள் என்று மனைவி சொன்னாள். தலை முழுக்கக் கட்டு. பேச்சுச் சத்தம் கேட்டது, அவள் கை அவர் நெற்றியில் இருந்தது.

“என்னைப் பாருங்க,” என்றாள்.

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். விளக்கைப் போடு.”

விளக்கு எரிந்தபடியேதான் இருந்தது. ஃபிட்டர் விரலால் தன் இமையைத் தொட்டுப் பார்த்தார். இமை திறந்திருந்தது. இன்னொரு கண்ணையும் தொட்டுப் பார்த்தார், அதுவும் திறந்தே இருந்தது. இரண்டு விரலும் அப்படியே கண்ணோரத்தில் நின்றன. பிறகு ஒரு குழந்தையைப்போல வாய்விட்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. விரலில் கட்டோடு டாக்டரம்மா வந்தார். கடன் வாங்கிய டார்ச்சை அடித்துக் கருமணிகளைப் பார்த்தார், அவை அசையவில்லை. அவரும் அழுதுவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வாரியத்தின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. ஃபிட்டரின் வேலையைப் பற்றிக் கேட்பதற்காக மனைவி அவரைக் கையைப் பிடித்து வாரியத்துக்கு அழைத்துப்போனாள். அவர் தலை குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு அடி வைத்து நின்று, அடுத்த அடி வைத்து நடந்தார். ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று, “உள்ளே வரலாமா?” என்று கேட்டார். எதிரே ஏதாவது அசைந்தால் கைகூப்பினார். குடிதண்ணீர் இயந்திரத்துக்குக் கைகூப்பினார். குடை மாட்டுகிற கம்பத்துக்குக் கைகூப்பினார். ஒரு காலி நாற்காலிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். முகத்தில் நீல மைக் கறையோடு எழுத்தர் இதையெல்லாம் பார்த்தார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னார்.

ஒழுக்கம் திரும்பியவருக்குச் சலுகையாக, கேட்காமலேயே ஒன்பதாம் அறையின் சேர்க்கைச் சீட்டு வந்தது. அலமாரி திறந்தது. முதுகில் ஊசி இறங்கியது. நீர் பீய்ச்சிக்கொண்டு வந்ததாக ஊசி போட்டவர் சொன்னார். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மண்டை வலி போயிற்று. காதுக்குள் இரைச்சல் போயிற்று. வெளிச்சம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாராட்டு விழா. அரங்கம் நிறையப் பணியாளர்கள், வராதவர்களுக்கு ஆறாம் அறை என்று சுற்றறிக்கை போயிருந்தது. மேடையில் மாலையோடு ஃபிட்டர். பக்கத்தில் மேற்பார்வையாளர், அவருக்கும் ஒரு மாலை. மூக்கில் பிளாஸ்திரியோடு தலைவர் மைக்கின் முன்னால் வந்தார்.

“பணியாளர்களே! இந்த மனிதர் நம்மிடம் வந்தபோது எப்படி வந்தார்? ஒரு ஊசி போதும், இருபது நிமிடம் போதும் என்று வந்தார். சில மருத்துவர்கள் அவரை அப்படிக் கெடுத்து வைத்திருந்தார்கள். நாம் அவசரப்படவில்லை. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கே சிகிச்சை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மனிதர் இன்று தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார்! எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்! அப்படிப்பட்ட ஒரு ஆபத்திலிருந்து அவரை வாரியம் காப்பாற்றியிருக்கிறது.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. “இப்போது அவருடைய துணைவியார் இரண்டு வார்த்தை பேசுவார்.”

மனைவி மேடையேறினாள். மைக் நின்ற இரும்புத் தண்டை இடது கையால் பிடித்தாள். இரண்டு வார்த்தைதான் பேசினாள்.

“கண்ணைக் குடு.”

கூட்டம் கைதட்டியது. தலைவரும் தட்டினார். கருணையைக் கேட்கிறார், கண் என்றால் கருணை என்று பக்கத்து உறுப்பினரிடம் விளக்கினார்.

“கண்ணைக் குடு!”

இன்னும் பலமாகத் தட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து, தலையைத் தாழ்த்தி, அடக்கத்தோடு அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். அவள் தண்டை இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் அடி பிளாஸ்திரி மேல் விழுந்தது. மைக் அணைக்கப்படவில்லை, மூக்கு மறுபடி உடைந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி தோள்பட்டையில். மூன்றாவதைத் தடுக்க வந்த மேற்பார்வையாளரின் காய்த்த முட்டி நொறுங்கியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்த பின்வரிசைக்காரர்கள் நாலாவது அடி வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதற்குள் காவலர்கள் அவள் மேல் விழுந்துவிட்டார்கள்.

ஃபிட்டருக்குக் கைதட்டல் நின்றது மட்டும் தெரிந்தது. நாற்காலிகள் உருண்டன, யாரோ முனகினார்கள், உடம்பில் பூட்ஸ் கால் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அவ எங்க?” என்று எழுந்தார்.

“உட்காருங்க, தலையைக் குனிங்க,” என்றது மேற்பார்வையாளரின் குரல், அழுகையோடு. “நல்ல பேர் வாங்கியிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க.”

“என் பெண்டாட்டி எங்கய்யா?”

மேடையின் படிக்கட்டுப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. வாயில் ரத்தத்தோடு வந்த குரல். “என்னங்க! இங்க இருக்கேன்!”

ஃபிட்டர் குரல் வந்த பக்கம் திரும்பினார். காதை உயர்த்தினால்தான் திசை பிடிபடும். அதனால் முகத்தை நன்றாகத் தூக்கினார், மாலையைக் கழற்றி எறிந்தார், நேரே நடந்தார். ஒரு நாற்காலி காலில் இடறியது, தள்ளிவிட்டார். ஒரு உறுப்பினர் குறுக்கே நின்றார், அவரையும் தள்ளிவிட்டார். “தலை நிமிர்ந்துவிட்டது! பாருங்கள், திரும்பிவிட்டது!” என்று எழுத்தர் அலறினார். உச்சந்தலையில் யாருடையதோ ஒரு குட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவதில் பழைய காயம் திறந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. துடைக்கவில்லை. அதைத் துடைத்து இனி எதைப் பார்க்கப்போகிறார்? குனியவும் இல்லை.

சத்தத்தில் அவள் குரல் ஒரு நொடி காணாமல் போயிற்று. ஃபிட்டர் நின்றார்.

“இன்னொரு தடவை கூப்பிடு!” என்று கத்தினார்.

அவள் கூப்பிட்டாள்.